நாற்சந்தி எழுத்து: ஷிங், ஹாங், கோ, க்யோ, அன்

ஆறே கோடுகளால் ஆன ஒரு சீன எழுத்து மாண்டரினில் 'ஷிங்' என்றும் 'ஹாங்' என்றும் ஒலிக்கிறது. ஜப்பானியர் அதே எழுத்தைச் சீனத்திலிருந்து பெற்ற ஒலிகளால் 'கோ', 'க்யோ', 'அன்' என்று மூன்று விதமாகவும், தம் சொந்தச் சொற்களால் 'இகு', 'யுகு', 'ஒகொனாவு' என்று இன்னும் மூன்று விதமாகவும் வாசிக்கிறார்கள். கொரியருக்கு அது பெரும்பாலும் 'ஹேங்', சில சொற்களில் மட்டும் 'ஹாங்'. வியட்நாமியர் 'ஹாஞ்', 'ஹாங்' என்கிறார்கள். முதல் ஒலியையே சுரம் மாற்றிச் சொல்லும் மூன்றாவது வாசிப்பும் அவர்களிடம் உண்டு. பொருள்களும் இதே அளவுக்குப் பரந்தவை: போதல், செய்தல், ஒழுக்கம், வரிசை, தொழில், வணிகநிலையம்.

சீன எழுத்து என்பது கருத்தைக் காட்டும் படம், நாட்டுக்கு நாடு ஒலி மாறினாலும் கருத்து மாறாது என்று பலர் நம்புகிறார்கள். இந்த எழுத்து அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஏற்றது. கடல் கடந்தும் மலை கடந்தும் போனவை சொற்கள். எழுத்து அவற்றின் உடுப்பாக உடன் போயிற்று. ஆகவே ஒவ்வொரு வாசிப்பையும் கேட்டால், அந்தச் சொல் எந்த நூற்றாண்டில், யாருடைய நாவில் அந்த நாட்டுக்கு வந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது.

முதலில் வடிவம். எழுத்துக்கு இடம், வலம் என இரு பாதிகள். இடப்பாதியில் இடப்பக்கம் சாய்ந்த இரு குறுங்கோடுகளும் அவற்றின் கீழே ஒரு நெடுங்கோடும் இருக்கின்றன. வலப்பாதியில் இரண்டு கிடைக்கோடுகள்; கீழ்க்கோட்டிலிருந்து இறங்கும் ஒரு நெடுங்கோடு, நுனியில் கொக்கிபோல் வளைகிறது. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் எழுதி, 121இல் அரசவைக்கு அளிக்கப்பட்ட 'ஷுவோவென் ஜியேஸி' என்ற பேரகராதி, இடப்பாதியை ஒரு காலடி என்றும் வலப்பாதியை மறு காலடி என்றும் விளக்கியது. இரண்டும் சேர்ந்தால் நடை. அழகான விளக்கம், பதினெட்டு நூற்றாண்டுகள் நிலைத்தும் நின்றது. ஆனால் பிழையானது.

1899இல் ஷாங் அரசமரபின் குறிகேட்பு எலும்புகள் அறிஞர் கவனத்துக்கு வந்தன. ஆமையோடுகளிலும் மாட்டெலும்புகளிலும் கீறப்பட்ட அந்த எழுத்துகள் ஷூ ஷென் காணாதவை, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியவை. அவற்றில் இந்த எழுத்தின் வடிவத்தைப் பார்த்த லுவோ ஜென்யூ (1866–1940) அது நான்கு திசைக்கும் வழிவிடும் நாற்சந்தி என்று விளக்கினார். எலும்புகளில் உள்ள வடிவத்தைப் பார்த்தால் வேறு விளக்கம் தேடத் தோன்றாது: இரண்டு தெருக்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன, நான்கு முனைகளும் திறந்திருக்கின்றன. பிற்காலத் தூரிகை எழுத்தில் சந்தி நடுவாகப் பிளந்து இரு பாதியாயிற்று. பிளந்ததில் ஒரு வசதியும் கிடைத்தது. நடுவில் வேறோர் உறுப்பைச் செருகிப் புதிய எழுத்துகளை ஆக்கினார்கள். தெரு, காவல், தொழில்நுட்பம், மோதல் ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகள் எல்லாம் இப்படி நாற்சந்திக்குள் குடியேறியவை. தராசுக்கோலைக் குறிக்கும் 'ஹெங்' என்ற எழுத்திலும் இது சுற்றி நிற்கிறது. ஆனால் அங்கே அது பொருளுக்காக நிற்கவில்லை, ஒலியைக் காட்ட நிற்கிறது. இடப்பாதி தனித்தும் பிழைத்துக்கொண்டது: நடமாட்டம் தொடர்பான எத்தனையோ எழுத்துகளின் இடப்புறம் இன்று காணப்படுவது அந்த அறுபட்ட அரைச் சந்திதான். 1716இல் முடிந்த காங்ஷி அகராதி எழுத்துகளை 214 தலைப்பு உறுப்புகளின்கீழ் அடுக்கியபோது, முழுச் சந்திக்கு 144ஆம் இடமும் அரைச் சந்திக்கு 60ஆம் இடமும் கிடைத்தன.

தெருவிலிருந்து பொருள் இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. தெரு என்பது போவதற்கு. போதலிலிருந்து செயலும், செயலிலிருந்து ஒழுக்கமும் பிறந்தன. தமிழ் வாசகருக்கு இந்தக் கிளையை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'நட' என்ற ஒரே வினை காலால் நடப்பதையும், காரியம் நடப்பதையும், கடை நடத்துவதையும், ஒருவர் நடத்தையையும் சுமப்பதுபோல்தான் இங்கும். மற்றக் கிளை தெருவின் நேர்கோட்டிலிருந்து கிளைத்தது: வரிசை. பழம்படை அமைப்பில் இருபத்தைந்து வீரர் கொண்ட அணிக்கு இதுவே பெயர். மரங்களின் நிரை, எழுத்துகளின் வரி, உடன்பிறந்தாருள் மூத்தவர் இளையவர் என்ற வரிசைமுறை எல்லாம் இந்தக் கிளையைச் சேர்ந்தவை.

இவ்விரு கிளைகளும் ஒரே எழுத்தால் எழுதப்பட்டாலும் வேறு வேறு சொற்கள், ஒலியாலும் வேறுபட்டவை. சோங் அரசமரபு 1008இல் வெளியிட்ட 'குவாங்யூன்' என்னும் எதுகை அகராதி இந்த எழுத்தை நான்கு இடங்களில் பதிவு செய்கிறது. முதலாவது, முன்னுயிரோடு 'ஹேங்' போன்ற ஒலி, சமச்சுரம்: போதல், செய்தல். இரண்டாவது, அதே ஒலி, 'போகும் சுரம்' எனப்படும் வேறு சுரத்தில்: ஒழுக்கம், ஒருவரது நடத்தை. மூன்றாவது, பின்னுயிரோடு 'ஹாங்': வரிசை. நான்காவது, அதே 'ஹாங்' போகும் சுரத்தில்: வரிசையில் ஒருவரது நிலை. வினைக்கு ஒரு சுரம், அதிலிருந்து பிறந்த பெயருக்கு வேறு சுரம் என்பது பழஞ்சீனத்தில் பல சொற்களில் காணப்படும் முறை. இந்த நான்கையும் நினைவில் கொண்டால் பின்வரும் எல்லா வாசிப்புகளும் குடும்பம் குடும்பமாகத் தம் இடத்தில் அமர்ந்துகொள்ளும்.

இன்றைய மாண்டரினில் முதலாவது 'ஷிங்' ஆயிற்று, மூன்றாவது 'ஹாங்' ஆகவே நின்றது. இரண்டாவது, இறங்கு சுரத்துச் 'ஷிங்' ஆகியிருக்க வேண்டும். தைவானில் 'நற்குணம்', 'நடத்தை' என்னும் சொற்களில் அந்தச் சுரம் இன்றும் கற்பிக்கப்படுகிறது. சீனப் பெருநிலத்தின் பொதுமொழியில் அது முதலாவதோடு கலந்துவிட்டது. துறவி ஒருவர் பல்லாண்டுத் தவத்தால் சேர்த்த ஆற்றலைக் குறிக்கும் 'தாவ்ஹெங்' என்ற சொல்லில் மட்டும் ஐந்தாவதாக ஒரு வாசிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வாசிப்பைத் தவறவிட்டால் பொருள் எப்படிப் புரளும் என்பதற்கு 'உடன், ஒரே' என்று பொருள்படும் 'தோங்' எழுத்து முன்னால் நிற்கும் சொல்லைப் பார்க்கலாம். 'தோங்ஷிங்' என்றால் சேர்ந்து பயணம் போவது. 'தோங்ஹாங்' என்றால் ஒரே தொழில் செய்பவர். எழுத்தில் இரண்டுக்கும் கடுகளவும் வேற்றுமை இல்லை. வாசிப்பவர் முழு வாக்கியத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரிசை எப்படித் தொழில் ஆயிற்று? சந்தையின் வழியாக. டாங் காலத்துத் (618–907) தலைநகர் சாங்ஆனில் ஒரே சரக்கு விற்பவர்கள் ஒரே வரிசையில் கடை போட வேண்டும்: இறைச்சிக்காரர் ஒரு நிரை, இரும்புக்காரர் ஒரு நிரை, பட்டுக்காரர் ஒரு நிரை. அந்நகரின் கிழக்குச் சந்தையில் 220 'ஹாங்'கள் இருந்ததாகச் சோங் காலத்து நகர வரலாறு ஒன்று கூறுகிறது. வரிசையின் பெயர் அதில் இருந்த வணிகர் குழுவுக்கு ஆகி, குழுவின் பெயர் தொழிலுக்கு ஆயிற்று. இன்றும் சீனர் 'முந்நூற்று அறுபது ஹாங்' என்றால் உலகத்துத் தொழில்கள் அத்தனையும் என்று பொருள். தொழிலின் உள்ளே இருப்பவர், 'நேய்ஹாங்', விவரம் அறிந்தவர். வெளியே இருப்பவர், 'வாய்ஹாங்', அறியாதவர்.

இந்தக் கிளை ஐரோப்பியர் செவியிலும் விழுந்தது. சிங் பேரரசு 1757இல் மேலைநாட்டுக் கடல் வணிகத்தைக் கன்டோன் என்ற ஒரே துறைமுகத்தோடு நிறுத்தியது. அங்கே அவர்களோடு வாணிகம் செய்யும் உரிமை அரசின் உரிமம் பெற்ற சில சீன வணிக இல்லங்களுக்கு மட்டுமே. கன்டோனீஸ் மொழியில் அந்த இல்லங்கள் 'ஹோங்'. 1842இல் நான்கிங் உடன்படிக்கை அந்த ஏற்பாட்டை முடித்தது. சொல் முடியவில்லை: ஹாங்காங்கின் பெரிய வணிகக் குழுமங்களை ஆங்கிலேயர் நெடுங்காலம் அதே பெயரால் அழைத்தார்கள்.

கன்டோனீஸையும் ஹொக்கியனையும் கவனிக்காமல் சீனத்தை விட்டு நகர்வது நியாயமாகாது. பெய்ஜிங் பேச்சில் இந்த எழுத்து 'நடத்தல்' என்ற பொருளில் தனித்து வருவதில்லை. அங்கே நடப்பதற்கும் போவதற்கும் வேறு சொற்கள் வந்துவிட்டன. தனித்து வரும் 'ஷிங்' இன்று சம்மதச் சொல்: சரி, ஆகட்டும், நடக்கும். மறுத்தால் 'பு ஷிங்', நடக்காது. தெற்கிலோ பழைய பொருள் உயிரோடு தெருவில் உலவுகிறது. கன்டோனீஸ்காரர் அன்றாடம் காலால் நடப்பதை நெடில் ஒலிக்கும் 'ஹாங்' என்கிறார். நூல்வழிச் சொற்களில் அதே எழுத்துக்குக் குறில் ஒலி, வணிக இல்லத்துக்கு 'ஹோங்'. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கேட்கும் ஹொக்கியனில் நடத்தல் 'கியா' என்று மூக்கொலியோடு வரும். முதலெழுத்து ஹகரம் இல்லாமல் ககரமாக இருப்பது மிகப் பழைய ஒலியின் எச்சம் என்று மொழியியலார் கருதுகிறார்கள். விடைபெறும் விருந்தினரைப் பார்த்து மெதுவாக நடந்து போங்கள் என்று சொல்லும் வழக்கில் அந்தக் 'கியா' நாள்தோறும் ஒலிக்கிறது.

இந்த எழுத்தின் வாழ்வில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு, அது சிறிய பங்கும் அன்று. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் 'சரியை' என்னும் ஒழுகுமுறைக்கு இந்த எழுத்தை இட்டார்கள், அது எதிர்பார்க்கக்கூடியதே. ஐந்து கந்தங்களுள் நான்காவதாகிய 'சம்ஸ்காரம்', அதாவது மனத்தை உருவாக்கும் வினைத்தொகுதி, அதற்கும் இதே எழுத்தைத்தான் இட்டார்கள். 640 வாக்கில் காஞ்சிபுரம் வரை வந்து திரும்பிய யுவான் சுவாங் பெயரால் வழங்கும் இதய சூத்திரத்தில், ஒரு பக்கத்துக்கும் குறைவான பரப்பில், இரு சொற்களுக்கும் இந்த ஒரே எழுத்து நிற்கிறது. தொடக்கத்தில் அது போதிசத்துவரின் சாதனை. சில வரி தள்ளி அது கந்தங்களில் ஒன்று. வடமொழி மூலத்தில் குழப்பமே இல்லாத இடத்தில் சீன வாசகர் பிரித்தறிய வேண்டியிருந்தது. தமிழில் மணிமேகலை பன்னிரு நிதானங்களைச் சொல்லும்போது இதே சம்ஸ்காரத்துக்குச் 'செய்கை' என்று பெயர் தருகிறது. காஞ்சியோடு பிணைந்த ஒரு தமிழ்க் காப்பியமும் சீன மொழிபெயர்ப்பாளர்களும் ஒருவரையொருவர் அறியாமல், ஒரே தத்துவச் சொல்லுக்குச் 'செய்தல்' என்ற வேரையே எட்டினார்கள். அச்சொல்லின் தாதுப்பொருளை இருவரும் நேராகப் பற்றியதே காரணம்.

ஐந்து என்ற எண்ணோடு சேர்ந்து வரும் இன்னொரு புகழ்பெற்ற சொல் 'வூஷிங்': மரம், தீ, மண், உலோகம், நீர். இதனை ஐம்பூதம் என்று பெயர்ப்பது தவறான வழியில் கொண்டுபோய்விடும். பூதங்கள் பொருள்களின் மூலக்கூறுகள்; இவையோ இயக்கங்கள். மரம் தீயை வளர்க்கும், தீ மண்ணைத் தரும், மண் உலோகத்தை, உலோகம் நீரை, நீர் மீண்டும் மரத்தை. ஒன்று மற்றொன்றாக நடந்துபோகும் சுழற்சி என்பதனால்தான் இந்த எழுத்து அங்கே நிற்கிறது. ஜப்பானில் 'கொக்யோ', கொரியாவில் 'ஓஹேங்', வியட்நாமில் 'ங்கூ ஹாஞ்'. தா நாங் நகரருகே உள்ள பளிங்குக் குன்றுகள் ஐந்துக்கும் அந்தப் பெயரே.

ஜப்பானுக்கு இந்த எழுத்து ஒருமுறை வரவில்லை, மூன்றுமுறை வந்தது. ஆறாம் நூற்றாண்டில் கொரியத் தீபகற்பத்தின் பேக்சே அரசு வழியாகப் பௌத்தம் வந்தபோது, தென்சீன ஒலிகளைச் சார்ந்த வாசிப்புகள் உடன் வந்தன. அவற்றுக்குக் 'கோ-ஒன்' என்று பெயர். அந்த அடுக்கில் இந்த எழுத்து 'க்யோ'. 'கங்கை' என்பதன் முதலெழுத்துப்போல ஒலிக்கும் ககரம். பிறகு ஜப்பானியத் தூதர்களும் மாணவர்களும் டாங் தலைநகருக்கே போய், சாங்ஆன் ஒலிகளைக் கொண்டுவந்தார்கள். இவை 'கன்-ஒன்'. அந்த அடுக்கில் 'கோ'. 'கோவில்' என்பதன் ககரம். அரசவை இந்தப் புதிய ஒலிகளையே சரியானவை என்று கருதி, 792இல் மாணவர்கள் இவற்றைக் கற்க வேண்டும் என்று ஆணையும் இட்டது.

இவ்விரண்டு ககரங்களுக்கும் இடையே ஒரு சீன வரலாறு அடங்கியிருக்கிறது. அக்கால ஜப்பானியத்தில் ஹகரம் கிடையாது. சீன ஹகரத்தைக் கேட்டவர்கள் தமக்கு அருகில் இருந்த ககரத்தால் அதைப் பிடித்தார்கள். முதல் அடுக்கு வந்தபோது சீனத்தில் அந்த முதலொலி குரல் அதிர்வோடு ஒலித்தது, ஆகவே கங்கைக் ககரம். இரண்டாம் அடுக்கின்போது சாங்ஆனில் அந்த அதிர்வு குன்றியிருந்தது, ஆகவே கோவில் ககரம். இறுதியில் இருந்த 'ங்' ஜப்பானிய நாவில் உகரமாகி, 'க்யௌ', 'கௌ' என்று எழுதப்பட்டு, நாளடைவில் இன்றைய ஓகார நெடிலாயிற்று. சீனப் பேரகராதிகள் எழுத்தில் வகைப்படுத்திச் சொல்வதை ஜப்பானிய வாசிப்புகள் ஒலியாகவே பாதுகாத்திருக்கின்றன.

மூன்றாம் வரவு காமகுரா காலத்திலும் (1185–1333) அதற்குப் பின்னும் ஜென் துறவிகளோடும் வணிகர்களோடும் நிகழ்ந்தது. இம்முறை வந்த ஒலி 'அன்'. அது ஒரு சில சொற்களில் மட்டுமே தங்கியது: ஊர் ஊராக நடந்து குருவைத் தேடும் துறவியின் 'அங்க்யா', படுக்கையில் காலுக்கு வைக்கும் கணப்புப் பெட்டியாகிய 'அங்கா', காகிதக் கூட்டுக்குள் எரியும் 'அண்டோன்' விளக்கு. நடக்கும்போது கையில் தூக்கிச் செல்லும் விளக்கு என்பதால் அந்தப் பெயர். பின்னர் அது வீட்டுக்குள் தரையில் நிலைத்துவிட்டது. டொயோட்டா நிறுவனம் தன் உற்பத்தி முறையில், எந்த இடத்தில் வேலை தடைப்பட்டது என்று காட்டும் விளக்குப் பலகைக்கு இந்தப் பெயரைச் சூட்ட, சொல் உலகம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டு வாகனத் தொழிற்சாலைகளிலும் தொழிலாளிகள் இன்று 'அண்டோன்' என்கிறார்கள். ஜென் மடங்கள் வழியாக வந்த ஒரு சீன ஒலி இப்படி உற்பத்தி வரிசையின் தலைக்குமேல் தொங்குகிறது.

எந்தச் சொல் எந்த அடுக்கைப் பிடித்தது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சமயமும் சடங்கும் 'க்யோ'வைப் பற்றின: தவப்பயிற்சி 'ஷுக்யோ', கடுந்தவம் 'குக்யோ', மலையில் தவம் செய்பவர் 'க்யோஜா'. 699இல் இசு தீவுக்கு நாடுகடத்தப்பட்டதாக அரச வரலாறு குறிக்கும் மலைத்துறவி 'என் நோ க்யோஜா' என்றே இன்றும் வணங்கப்படுகிறார். உலகியலும் கல்வியும் 'கோ'வைப் பற்றின: பயணம் 'ரியோகோ', பறத்தல் 'ஹிகோ', பெற்றோரைப் பேணுதல் 'கோகோ'. அரச நிர்வாகத்தைக் குறிக்கும் 'க்யோசெய்' போல ஒழுங்கை மீறுவனவும் உண்டு.

வரிசைக் கிளையில் 'வரி' என்ற பொருளும் ஜப்பானில் 'க்யோ' என்றே ஒலிக்கிறது. அச்சிட்ட பக்கத்தின் ஒவ்வொரு வரியும் ஒரு க்யோ. ஜப்பானிய அரிச்சுவடியின் ஒவ்வொரு நிரையும் ஒரு க்யோ: அ-க்யோ, க-க்யோ, ச-க்யோ, த-க்யோ, ந-க்யோ, ஹ-க்யோ, ம-க்யோ, ய-க்யோ, ர-க்யோ, வ-க்யோ. தமிழ் நெடுங்கணக்கு அறிந்த எவரும் இந்த வரிசையை உடனே அடையாளம் காண்பார். பௌத்தத் துறவிகள் வடமொழியின் சித்தம் எழுத்தைப் படித்தபோது கற்ற இந்திய ஒலிமுறையே இதன் அடிப்படை. ஹகரம் பகரத்தின் இடத்தில் நிற்பதற்குக் காரணம், அது முற்காலத்தில் பகரமாகவே ஒலித்தது.

சீன ஒலிகள் மூன்றோடு ஜப்பானியச் சொற்கள் மூன்று. போதலுக்கு 'இகு', அதன் சற்றுப் பழைய வடிவம் 'யுகு', செய்து நடத்துதலுக்கு 'ஒகொனாவு'. தொடர்வண்டியின் நெற்றியில் ஊர்ப் பெயருக்குப் பின் நிற்கும்போது அது 'யுகி': இன்ன ஊருக்குப் போவது. 2010இல் திருத்தப்பட்ட அரசுப் பட்டியலின் 2136 எழுத்துகளில் இந்த ஆறு வாசிப்புகளும் இடம்பெற்றுள்ளன. குழந்தைகள் இரண்டாம் வகுப்பிலேயே இந்த எழுத்தைக் கற்கிறார்கள். சிக்கல் இறந்தகாலத்தில் எழுகிறது. 'போனான்' என்பதற்கு 'இத்தா', 'செய்தான்' என்பதற்கு 'ஒகொனாத்தா'. இரண்டையும் எழுதும்போது இந்த எழுத்தும் அதன்பின் அதே இரு கனா எழுத்துகளுமே வருகின்றன. 1973இல் வகுத்த எழுத்துமுறை விதி, செய்தலுக்கு மட்டும் ஒரு கனாவைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது, இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க விரும்புவோருக்காக.

கொரியா இதற்கு நேர்மாறு. அங்கே ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒலி. செயல் 'ஹேங்தோங்', பயணம் 'யொஹேங்', நாகரிகப் போக்கு 'யுஹேங்', விமானம் 'பிஹேங்கி'. ஆயினும் குவாங்யூனின் மூன்றாம் பிரிவை ஒரு குடும்ப வழக்கம் காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்த எழுத்தும் 'அணி' என்ற பொருள்படும் மற்றோர் எழுத்தும் சேர்ந்த சொல்லை 'ஹேங்ந்யொல்' என்று வாசித்தால் ஊர்வலம். 'ஹாங்ந்யொல்' என்று வாசித்தால் குலத்தில் ஒருவரது தலைமுறை வரிசை. பல கொரியக் குலங்களில் ஒரே தலைமுறையில் பிறந்தவர் அனைவர் பெயரிலும் ஓர் எழுத்து பொதுவாக வரும். அடுத்த தலைமுறைக்கு வேறோர் எழுத்து. அந்த எழுத்துகளைத் தேரும் முறைகளுள் மிகப் பரவலானது மரம், தீ, மண், உலோகம், நீர் என்னும் சுழற்சி: தந்தை தலைமுறையின் எழுத்தில் மர உறுப்பு இருந்தால் மக்கள் தலைமுறையின் எழுத்தில் தீ உறுப்பு இருக்கும். ஆக ஐந்து 'ஹேங்'கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒரு 'ஹாங்'கை அமைக்கின்றன. ஓர் எழுத்தின் இரு கிளைகள் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிய இடம் வேறில்லை.

வியட்நாம் இன்று இந்த எழுத்தை எழுதுவதில்லை. ஹுவேயில் 1919இல் கடைசி அரசவைத் தேர்வு நடந்தபின், இலத்தீன் வரிவடிவம் முழுமையாக ஆட்சிக்கு வந்தது. இருந்தும் குவாங்யூனின் வேறுபாடுகளை நால்வருள் மிகத் துல்லியமாகக் காத்து நிற்பது வியட்நாமியமே. முதல் பிரிவு தாழ்சுரத்து 'ஹாஞ்': 'ஹாஞ் தோங்' செயல், 'ஹாஞ் காக்' பயணி. இரண்டாம் பிரிவு, மாண்டரின் பெருநிலத்தில் தொலைத்த அதே ஒழுக்கப் பிரிவு, குரல்வளையை இறுக்கும் கனத்த சுரத்தில் தனியாக வாழ்கிறது: பெண்ணுக்குரியவை என்று மரபு சொல்லிய நான்கு நற்பண்புகளில் இறுதியானது அது. மூன்றாம் பிரிவு 'ஹாங்'. ஹனோயின் பழைய வணிகப் பகுதியில் 'ஹாங் பாக்' வெள்ளித் தெரு, 'ஹாங் துவோங்' சர்க்கரைத் தெரு, 'ஹாங் மா' காகிதப் படையல்களின் தெரு. சீனத்தில் கடைவரிசையில் நின்றுபோன சொல் இங்கே ஒரு படி மேலே போய், கடையில் உள்ள சரக்கையே குறிக்கிறது. உணவகமும் 'ஞா ஹாங்'தான்.

இத்தனை வாசிப்புகளையும் ஒரே இடத்தில் உரசிப்பார்க்க ஒரு சொல் போதும்: வங்கி. வெள்ளியைக் குறிக்கும் எழுத்தும் இந்த எழுத்தும் சேர்ந்த சொல் அது. வெள்ளி புழங்கும் வணிக இல்லம் என்பது பொருள். ஆகவே வரிசைக் கிளைக்கு உரியது. மாண்டரினில் 'யின்ஹாங்', கன்டோனீஸில் 'ஙான்ஹோங்', வியட்நாமியத்தில் 'ங்கன் ஹாங்'. மூன்றும் கிளை தவறவில்லை. ஜப்பானில் 1872இல் வந்த தேசிய வங்கிச் சட்டத்தால் 'கின்கோ' நிலைபெற்றது. மறு ஆண்டே ஷிபுசாவா எய்இச்சியின் முயற்சியில் முதல் தேசிய வங்கி திறந்தது. கன்-ஒன் அடுக்கில் இரு கிளைகளும் 'கோ' என்று ஒன்றாகிவிட்டதால் அங்கே வேறுபாடு எழவே இடமில்லை. கொரியாவில்தான் உண்மை வெளிப்படுகிறது. ஒலி மரபுப்படி அங்கே 'உன்ஹாங்' என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அது 'உன்ஹேங்'. 1878இல் பூசானில் ஜப்பானின் முதல் தேசிய வங்கி கிளை திறந்த காலத்தில், சொல் வாய்வழியாக வராமல் எழுத்துவழியாக வந்தது. எழுத்தைக் கண்டவர்கள் அதற்குத் தமக்குப் பழகிய ஒலியை இட்டார்கள். கொரிய ஒலியெழுத்தில் எழுதும்போது அது கிங்கோ மரத்தின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுகிறது. இலையுதிர்காலத்தில் மஞ்சளாக உதிரும் அந்த மரத்தின் 'உன்ஹேங்'கிலும் முதலெழுத்து வெள்ளிதான், இரண்டாவது மட்டும் வேறொரு சீன எழுத்து.

வரி என்ற பொருளுக்கு இன்னொரு சோதனை கணிதத்தில் வந்தது. பழைய நூல்களில் எழுத்து மேலிருந்து கீழே ஓடியதால் ஒரு 'ஹாங்' என்பது செங்குத்து வரி. பின்னர் அச்சு இடமிருந்து வலமாக மாறியபோது, சீனப் பெருநிலமும் ஜப்பானும் கொரியாவும் வரி எப்படிப் படுத்ததோ அப்படியே சொல்லையும் படுக்கவைத்தன. அணிக் கணிதத்தில் அங்கெல்லாம் இந்த எழுத்து கிடை நிரையைக் குறிக்கிறது, கொரிய ஊர்வலச் சொல்லில் இதனோடு சேர்ந்த 'அணி' எழுத்து செங்குத்து நிரலை. தைவான் பழைய நிலையிலேயே நின்றது: அங்கே இந்த எழுத்து செங்குத்து, மற்றது கிடை. ஆகவே பெய்ஜிங் பாடநூலின் மூன்றாம் 'ஹாங்'கும் தைபேய் பாடநூலின் மூன்றாம் 'ஹாங்'கும் ஒரே அட்டவணையில் வேறு வேறு எண்களைச் சுட்டும். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, மொழியும் ஒன்று. திசை மட்டும் வேறு.

கணினியில் இவ்வெழுத்துக்கு ஓர் எண் போதும் என்று சீனமும் ஜப்பானும் கருதின. தென்கொரியா 1987இல் வகுத்த குறியேற்றத் தரம் அப்படிக் கருதவில்லை. அதன் 4,888 சீன எழுத்துகளும் கொரிய ஒலிவரிசையில் அடுக்கப்பட்டவை. இரண்டு ஒலி உள்ள எழுத்து இரண்டு இடத்தில் இடம்பெற்று இரண்டு எண் பெற்றது. அப்படி 268 இடங்கள் இரட்டிப்பாயின. ஹேங், ஹாங் என்று இவ்வெழுத்தும் அவற்றுள் ஒன்று. பிறகு ஒருங்குறி உருவானபோது, பழைய கொரியக் கோப்புகள் சிதையக் கூடாது என்பதற்காக அந்த 268 எண்களையும் இணக்க எழுத்துகள் என்ற பெயரில் தனியே ஏற்றுக்கொண்டது. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாத இரு வடிவங்கள் இன்றும் ஒருங்குறி அட்டவணையில் இரு வேறு இடங்களில் இருக்கின்றன. ஒரு மென்பொருள் உரையைச் சீர்ப்படுத்தும்போது இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடும்; அந்த நிலையில் அது தலைமுறை வரிசையா ஊர்வலமா என்பதைக் கணினியால் சொல்ல இயலாது, பக்கத்தில் உள்ள சொற்களைப் படிக்கும் கொரியரே சொல்ல வேண்டும்.